வடிகால், மூடாக்கு, மேலுரம், கவாத்து, அரை நிழல்: அம்மாபேட்டைத் தங்கச்சி கேட்டதுக்கு என் பதில்

வணக்கமுங்க. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ண முதல்ல எடுத்துக்கறேன். படிச்சதுல இருந்து அது என்னை விடவே மாட்டேங்குது. சேலம் அம்மாபேட்டையில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கு. "அக்கா, நீங்க பேசறப்போ வடிகால், மூடாக்கு, மேலுரம், கவாத்து, அரை நிழல்னு சொல்லிட்டே போறீங்க. மாடியில இப்பத்தான் தொட்டி வைக்க ஆரம்பிச்ச எங்களுக்கு இதெல்லாம் என்னன்னே பிடிபடல. ஏற்காடு போனப்போ பந்து பந்தா நீலப் பூ பூத்திருந்த ஹைட்ரேஞ்சியா செடி ஒண்ணு ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தேன். அரை நிழல்ல வைங்க, தினம் தண்ணி ஊத்துங்கன்னு அங்க சொன்னாங்க. அப்படியேதான் செஞ்சேன். செடி போயிடுச்சு. ஒவ்வொண்ணும் என்னன்னு பொறுமையா சொல்லுங்க"ன்னு எழுதியிருக்கு.

"அப்படியேதான் செஞ்சேன்"னு எழுதியிருக்கு பாருங்க, எனக்கு அதுதான் மனசுல தங்கிடுச்சு. சொன்னவங்களும் தப்பாச் சொல்லல, கேட்டவங்களும் தப்பாச் செய்யல. ஆனா சொன்ன இடம் ஏற்காடு, செஞ்ச இடம் அம்மாபேட்டை. நடுவுல 30 கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல. ஆயிரம் மீட்டர் ஏறினா பொதுவா ஆறு, ஆறரை டிகிரி சூடு குறையும். அப்போ மேலயும் கீழயும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். அங்க அரை நிழல்னு சொல்றதும் நம்ம மொட்டை மாடியில அரை நிழல்னு சொல்றதும் எப்படி ஒண்ணாகும்?

சரி, அரை நிழல்ல இருந்தே ஆரம்பிக்கறேன். முழு வெயில்னா ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரா செடி மேல வெயில் படணும். தக்காளி, கத்தரி, வெண்டை, ரோஜா, மல்லி எல்லாம் இதுல வரும். அரை நிழல்னா மூணுல இருந்து ஆறு மணி நேரம். இது புத்தகக் கணக்கு. இதுல எந்த மூணு மணி நேரம்னு யாரும் சொல்றதில்ல. காலையில ஏழுல இருந்து பத்து வரைக்கும் வர்ற வெயிலும் மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் அடிக்கற வெயிலும் நேரக் கணக்குக்கு ஒண்ணுதான், செடிக்கு ஒண்ணு இல்ல. ஏற்காட்டுல மத்தியான வெயிலயும் பல செடி தாங்கிடும். சேலத்துல சித்திரை மாசம் அது இலையக் கருக்கிடும். அதனால நம்ம ஊர்ல அரை நிழல்னு யார் சொன்னாலும் "காலை வெயில் உண்டு, பதினோரு மணிக்கு மேல நிழல்"னு எடுத்துக்குங்க. வீட்டோட கிழக்குப் பக்கம் சரியா இருக்கும். இல்லைன்னா பச்சை நிழல் வலை, 50 சதவீதம்னு கேட்டா கடையில தருவாங்க. இன்னொண்ணு, மாடியில வெயில் மேல இருந்து மட்டும் வராது. தளம் சூடேறி கீழ இருந்தும் வேரைச் சுடும். தொட்டிய நேரா தளத்து மேல வைக்காம ரெண்டு செங்கல் போட்டு அதுக்கு மேல வைங்க.

ஏற்காட்டுல காபித் தோட்டம் பாத்திருப்பீங்க. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல அங்க காபி வந்தது. இன்னைக்கும் சில்வர் ஓக் மரத்துக்கு அடியிலதான் காபி நிக்குது, அந்த மரத்துலயே மிளகு ஏறியிருக்கும். அந்த நிழல நின்னு பாத்திருக்கீங்களா? கும்மிருட்டா இருக்காது. இலை சலிச்சு விட்ட வெளிச்சம் அங்கங்க விழுந்து நகர்ந்துட்டே இருக்கும். ஹைட்ரேஞ்சியாவுக்கும் அந்த மாதிரி வெளிச்சமும் குளுமையும்தான் வேணும்.

அந்தச் செடியப் பத்தி இன்னொரு அருமையான விஷயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். அதோட பூ நீலமா வர்றதும் ரோஸ் நிறமா வர்றதும் பெரும்பாலும் மண்ணாலதான். மண் புளிப்பா, அதாவது அமிலத்தன்மையா இருந்தா மண்ணுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வேர் வழியா ஏறும், பூ நீலமாகும். மண் கார நிலையில இருந்தா அலுமினியம் கரையாது, அதே செடியில ரோஸ் நிறம் வரும். கார அமில நிலை, பி.எச்.னு அடிக்கடி சொல்றேன்ல, அது இதுதான். ஏழு நடுநிலை. அதுக்குக் கீழ புளிப்பு, மேல காரம். மலை மேல மழை அதிகம், சுண்ணாம்புச் சத்த அடிச்சுட்டுப் போயிடும், மண்ணு புளிப்பா இருக்கும். கீழ நமக்கு ஏற்காடு அடிவாரத்துலயே வெள்ளைக்கல், மேக்னசைட் வெட்டி எடுக்கற பூமி. பல வீட்டுல போர் தண்ணி. தொட்டி ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், கவனிச்சிருப்பீங்க. அந்தத் தண்ணிய ஊத்த ஊத்த மண்ணு காரமாகும். அப்போ மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. புதுசா வர்ற இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இதப் பாத்துட்டு எல்லாரும் உரத்த அள்ளிப் போடறாங்க. பழைய அடி இலை மஞ்சளானா தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவா இருக்கலாம், உரம் போடலாம். நரம்பு பச்சையா இருந்து நுனி இலை மட்டும் மஞ்சளானா, மழைத் தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க, தொழு உரம், அதாவது மக்கின மாட்டுச் சாணி உரம், சேருங்க. சந்தேகமா இருந்தா சந்தியூர்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, போய்க் கேளுங்க.

அடுத்து வடிகால். பழைய ஆளுங்க சிரிப்பீங்க, இவ மறுபடியும் வடிகாலுக்கு வந்துட்டாளேன்னு. வருவேன். எத்தனை தடவ வேணாலும் வருவேன். வேருக்கும் மூச்சு வேணும். மண்ணுல துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. தண்ணி ஊத்தினா அது நிறையும், அப்புறம் பெரிய இடைவெளியில இருந்து தண்ணி இறங்கி அந்த இடத்துக்குக் காத்து வரும். இறங்கலைன்னா வேர் மூச்சு முட்டி அழுகிப்போகும். தண்ணி இறங்கிக் காத்து உள்ள வர்றதுக்கு வழி இருக்கறதுதான் வடிகால். தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கறது அதுல பாதிதான். மீதிப் பாதி மண்ணு பொலபொலன்னு இருக்கறது.

இங்க ஒரு தப்பான வழக்கத்தக் கட்டாயம் சொல்லணும். தொட்டிக்கு அடியில ரெண்டு இஞ்ச் ஜல்லி போட்டா வடிகால் நல்லா இருக்கும்னு ஊரெல்லாம் சொல்றாங்க. அது உதவாது. சமையலறை ஸ்பாஞ்ச நல்லா நனைச்சுப் படுக்க வச்சுப் பிடிங்க, சொட்டறது நின்னுடும். அதையே நிமிர்த்திப் பிடிங்க, இன்னும் கொஞ்சம் சொட்டும். உயரம் கூடினா தண்ணி இறங்கும். ஜல்லி போட்டா மண்ணோட உயரம் குறையுது. மண்ணு முழுக்க ஊறின பிறகுதான் தண்ணி ஜல்லிக்கே இறங்கும். அப்போ வேர் இருக்கற இடத்துலதான் சேறு நிக்கும். ஓட்டை மேல ஒரு துண்டு வலை போட்டா போதும், மண்ணு வெளிய வராம இருக்கும். மேல வரைக்கும் கலவையே போடுங்க. செம்மண் ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு, கோகோ பீட், அதாவது தேங்காய் நார்த்தூள், இல்லைன்னா மணல் ஒரு பங்கு.

மக்கினதுன்னா என்ன? கையில எடுத்தா சாணி வாடை வரக்கூடாது, சூடு இருக்கக்கூடாது, மண்ணு மாதிரி உதிரணும். பச்சைச் சாணிய அப்படியே போட்டா தொட்டிக்குள்ளயே மக்க ஆரம்பிச்சு சூடாகும், வண்டு முட்டையிட்டுக் குண்டு குண்டா வெள்ளைப் புழு வரும், அது வேரத் தின்னும். நடறதுக்கு முன்னாடி கலக்கறது அடியுரம். செடி வளர வளர மேல கொஞ்சங் கொஞ்சமா கொடுக்கறது மேலுரம். உரப் பொட்டலத்துல 19:19:19னு போட்டிருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), அந்த வரிசையில ஒவ்வொண்ணும் நூத்துக்கு 19 பங்குன்னு அர்த்தம். மேலுரத்தக் காஞ்ச மண்ணுல போடாதீங்க, வேர் வெந்துடும். முதல்ல தண்ணி, அப்புறம் உரம். அவ்வளவுதான், உரத்தப் பத்தி இன்னைக்கு இது போதும்.

மூடாக்குன்னா மண்ணு வெயில்ல வெறுமனே கிடக்காம மூடி வைக்கறது. காஞ்ச இலை, கரும்புத் தோகை, கடலைத் தோல், தேங்காய் நார், எது கிடைக்குதோ அது, ரெண்டு மூணு இஞ்ச் கனத்துக்கு. தண்டுல ஒட்டாம ரெண்டு விரல் தள்ளிப் போடுங்க, ஒட்டினா தண்டு அழுகும். சேலத்துக் கோடைக்கு இதுக்கு ஈடு எதுவும் இல்ல. காபித் தோட்டத்துல யாரும் போட வேண்டியதே இல்ல, சில்வர் ஓக் இலை உதிர்ந்து தானா மூடிக்கும்.

கவாத்துன்னா கிளைய வெட்டி விடறது. எதுக்கு வெட்டணும்னு தெரிஞ்சா பயம் போயிடும். கிளையோட நுனி மொட்டு, கீழ இருக்கற பக்க மொட்டுகளத் துளிர்க்க விடாது. நுனிய எடுத்துட்டா பக்க மொட்டெல்லாம் கிளம்பும், ஒரு கிளை இருந்த இடத்துல மூணு நாலு வரும். புதுக் கிளையில பூக்கற செடியில அத்தனையும் பூ. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டம் நிறைய உண்டு, நம்ம ஊரு மாலைக்கெல்லாம் அங்க இருந்துதான் மொட்டு வரும். அங்க ஒரு பெரியம்மா கவாத்து பண்றதப் பாத்தேன். அருவாள எடுத்து மளமளன்னு வெட்டிட்டே போறாங்க. எனக்கே பகீர்னு ஆச்சு. "ஏங்க பெரியம்மா, இவ்வளவு வெட்டறீங்களே"ன்னேன். "வெட்டாட்டி குச்சிதான் நீளும் சாமி, பூ வராது"ன்னுட்டு அடுத்த செடிக்குப் போயிட்டாங்க. அரளிப் பால் கண்ணுல வாயில படக்கூடாது, விஷம். வெட்டினா கைய நல்லா கழுவிடுங்க.

வீட்டு ரோஜாவுக்கும் அப்படித்தான். பூத்து முடிஞ்ச கிளைய, வெளிப்பக்கம் பாத்த ஒரு மொட்டுக்குக் கால் இஞ்ச் மேல சாய்வா வெட்டுங்க. ஒட்டு ரோஜாவா, அதாவது வேற ரோஜாத் தண்டு மேல ஒட்ட வச்சு வளர்த்ததா இருந்தா, ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழ இருந்து வர்ற துளிர உடனே எடுத்துடுங்க, அது அடிச்செடியோடது. ஏழு இலை வந்தா காட்டு ரோஜான்னு ஒரு பேச்சு இருக்கு, அத நம்பி வெட்டாதீங்க. நல்ல ரோஜாவுலயும் ஏழு இலை வரும். கிளை எந்த இடத்துல இருந்து கிளம்புதுன்னு குனிஞ்சு பாருங்க.

இத்தனையும் கேட்ட தங்கச்சி ஒண்ண மட்டும் கேக்கல. யாருமே கேக்க மாட்டேங்கறாங்க. "இன்னைக்குத் தண்ணி ஊத்தலாமா, வேண்டாமா?" இதக் கேளுங்க கண்ணு! தினம் ஊத்துங்கன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. நான் எப்பவும் சொல்றதுதான்: விரல விட்டுப் பாருங்க. ரெண்டு கணு வரைக்கும் விரல் உள்ள போகட்டும். ஈரம் பட்டா ஊத்தாதீங்க. காஞ்சிருந்தா அடி ஓட்டையில தண்ணி வர்ற வரைக்கும் நிறைய ஊத்துங்க. கோகோ பீட் கலவையில மேல காஞ்ச மாதிரி வெளுத்துப்போய்த் தெரியும், உள்ள சொதசொதன்னு இருக்கும். கண்ண நம்பாதீங்க, விரல நம்புங்க.

மத்தியானம் செடி வாடி நின்னா ஓடிப்போய் ஊத்தாதீங்க. வெயில் வேகத்துக்கு வேர் ஏத்தற தண்ணி பத்தாம வாடும், சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். காலையிலயே வாடியிருக்கு, மண்ணும் ஈரமா இருக்குன்னா அது தண்ணி கேக்கல. வேர் அழுக ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு மேல தண்ணி ஊத்தினா அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலையில வாங்கற கன்னு கறுப்புக் கவர்ல இறுகின செம்மண்ணோட வரும். அத அப்படியே கோகோ பீட் கலவையில வச்சா, ஊத்தற தண்ணி கட்டியச் சுத்தி ஓடிடும், கட்டிக்குள்ள காஞ்சே கிடக்கும். மேல ஈரம், வேருக்குத் தண்ணியில்ல. நட்ட புதுசுல அந்தக் கட்டிக்குள்ளயும் விரல விட்டுப் பாருங்க. நடும்போதே ஓரத்த லேசா உதிர்த்து விடுங்க. வாங்கிட்டு வந்த அன்னைக்கே மாடியில நட வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் வீட்டுக்குள்ள வெளிச்சமான இடம், அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா காலை வெயில். செடியப் பழக்கறதுன்னு நான் சொல்றது அதத்தான்.

ஹைட்ரேஞ்சியா போனதுக்கு நீ வருத்தப்படாத கண்ணு. சேலத்து மாடி வெயில் அதுக்கு ஒத்துக்காது, எவ்வளவு பாத்தாலும் கோடையில திணறும். அந்தத் தொட்டி மண்ணத் தூக்கிப் போட்டுடாத. நாலு நாள் வெயில்ல பரப்பிக் காயவிட்டு, மக்கின தொழு உரம் கலந்து, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குப் போட்டு அரைக்கீரை தூவு. மூணு நாலு வாரத்துல அறுக்கலாம்.

பதியம், ஒட்டுக் கட்டறது ரெண்டும் அடுத்த வீடியோவுல, செடிய வச்சே செஞ்சு காட்டறேன். அதுக்குள்ள கேள்வி அனுப்பறவங்க மூணு விஷயத்தச் சேத்து எழுதுங்க. செடி மேல எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் வெயில் படுது, போர் தண்ணியா காவிரித் தண்ணியா, விரல விட்டுப் பாத்தப்போ மண்ணு எப்படி இருந்துச்சு. போட்டோ மட்டும் அனுப்பினா என்னால சரியா சொல்ல முடியாதுங்க.