வின்டர்கிராஸுக்குச் சோறு போடுவது யார்?

[காட்சி: மே மாதம், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க். குளிர்காலம் தொடங்கும் நேரம். பழுப்பேறிய கிகுயூ புல்தரை. நடுவே இளம்பச்சைத் திட்டுகள்.]

குளிரில் கிகுயூ புல் சோர்ந்து கிடக்கிறது. அதன் நடுவே செழித்து நிற்கும் களைப்புல்தான் வின்டர்கிராஸ். தாவரவியலில் போவா அன்னுவா.

[அண்மைக் காட்சி: உள்ளங்கையில் பிடுங்கிய செடி.]

இலை நுனி படகின் முனைபோல் குவிந்திருக்கிறது. வேரைப் பாருங்கள்: மெல்லியது, ஆழமில்லாதது. எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அந்த உயரத்திலேயே கதிர் விட்டு விதை உதிர்த்துவிடும்.

களைக்கொல்லி வாங்க ஓடுமுன் உரமூட்டையைப் பாருங்கள்.

[காட்சி: மூட்டையில் '2:3:2 (22)'.]

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்பதே வரிசை. மொத்தச் சத்து 22 சதவீதம். அதில் ஏழில் மூன்று பங்கு மணிச்சத்து. அதாவது 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 4.7 கிலோ பாஸ்பரஸ். காய்கறிப் பாத்திக்குச் சரி. வளர்ந்த புல்தரைக்கு எதற்கு? பழக்கம்தான்!

தழைச்சத்து மழையோடு கீழே இறங்கிவிடும், மணிச்சத்து அசையாது. நமது செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதை முதலில் பூட்டி வைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் கொட்டினால் அந்தப் பிடிப்பும் நிரம்பி, மேல்மண்ணில் மணிச்சத்து மிஞ்சும்.

[வரைபடம்: மேல் மண்ணில் சிறு நாற்று, ஆழத்தில் கிகுயூ வேர்.]

பெரிய வெள்ளியன்று இங்கே மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும் பருவத்தில் மண்ணின் சூடு ஏறத்தாழ 21 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்குகிறது. வின்டர்கிராஸ் முளைக்கும் நேரம் அது. பொடி விதைக்குள் சேமிப்பு அதிகமில்லை. குட்டை வேருக்கு எட்டும் இடத்திலேயே மணிச்சத்து இருந்தால் நாற்று விறுவிறுவென்று பிடித்துக்கொள்ளும். கிகுயூவுக்கோ ஆழமான வேர் உண்டு. மணிச்சத்தைத் தேடித் தரும் வேர்ப்பூஞ்சையும் துணைக்கு உண்டு. மணிச்சத்து மிகுந்த மண்ணில் அந்தப் பூஞ்சை ஒடுங்கிவிடுகிறது. நாம் போடும் உரம் களையின் பக்கம் சாய்வது இப்படித்தான்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். பக்கத்துச் சீடாராவிலுள்ள மாகாண வேளாண்மைத் துறை ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம். மணிச்சத்து போதுமென்றால் 2:3:2 வேண்டாம். கிகுயூ வளரும் கோடையில் எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) போன்ற தழைச்சத்து உரம் மட்டும் போடுங்கள். ஒரே ஆண்டில் களை மறையாது. மண்ணில் விதை கிடக்கிறது, சேர்ந்த மணிச்சத்தும் மெல்லத்தான் குறையும். முளைத்து நிற்பதைக் கதிர் விடுமுன் கையால் பிடுங்குவதே நல்லது.

புதிதாகப் புல் பதிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வேர் பிடிக்க மணிச்சத்து தேவை. மற்றவர்கள் எலும்புத் தூளையும் கோழி எருவையும் தள்ளி வையுங்கள். மூட்டையில் 'இயற்கை' என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே மணிச்சத்துதான்.