மழை பஸ்ஸைக் கொளுத்தாது

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். காவிரிச் சண்டையைப் பெரிதாக்குவது வறட்சியா, மேடையும் திரையுமா என்று தலைப்புத் தந்தீர்கள். மேடையும் திரையும்தான் என்று பேச வந்திருக்கிறேன். முன்னே பேசிய எதிரணித் தம்பி, “மழை பொய்த்தால் சண்டை வரத்தானே செய்யும், விவசாயிக்காக நடிகர் குரல் கொடுத்தது குற்றமா?” என்று கேட்டுக் கைதட்டு வாங்கிப் போனார். இலங்கை மலையகத்து ஹட்டனில் அந்தக் கைதட்டு விழும்தான். நம் பாட்டன் பூட்டன் திருச்சி, சேலம் பக்கம். பாசம் இருக்காதா?

தம்பி, மழை குறைந்தது மெய். 2002, 2016, 2023 எல்லாமே காவிரிக்குப் பஞ்ச வருஷங்கள். ஆனால் மழை பஸ்ஸைக் கொளுத்தாது. 2016 செப்டம்பர் 12, பெங்களூரில் ஒரே டிப்போவில் முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. அதே நாள் சென்னையில் கர்நாடகக்காரர் ஹோட்டலுக்குப் பெட்ரோல் குண்டு. பஸ் டிரைவரும் ஹோட்டல் சர்வருமா அணையைப் பூட்டினார்கள்?

நெய்வேலிக்கு வருவோம். 2002 அக்டோபர் 12, பாரதிராஜா முன்னின்று திரையுலகமே திரண்டது. நெய்வேலியில் மின் நிலையம் இருக்கிறதே, தண்ணீர் தராத கர்நாடகத்துக்குக் கரண்ட் எதற்கு என்பது முழக்கம். ரஜினிகாந்த் அங்கே போகவில்லை. மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். அப்புறம் ஊரெல்லாம் ஒரே பேச்சு: யார் வந்தார், யார் வரவில்லை, யார் தமிழன்? குறுவை நெல் போடமுடியாமல் கிடந்த தஞ்சாவூர்க்காரன் அந்தப் பேச்சிலேயே இல்லை.

நம் தோட்டத்தில் பார்க்காததா இது? மாசி பங்குனியில் பீலியில், அதுதான் தண்ணீர்க் குழாயில், நூல் மாதிரித்தான் தண்ணீர் விழும். மேல் லயத்து வரிசை வீடுகளுக்கும் கீழ் லயத்துக்கும் அது ஒன்றுதான். வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன்னே பொம்பிளைகள் குடத்தை வரிசை வைத்து, “உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு, பிள்ளைத்தாச்சிக்கு முதல்ல” என்று முடித்துவிடுவார்கள். வாய்ச்சண்டை வரும், போகும். என்றைக்கு ஒரு தலைவர் வந்து, “கீழ் லயத்துக்காரன் எந்தச் சங்கம் தெரியுமா?” என்று கேட்கிறாரோ, அன்றைக்குக் குடம் உடையும். பீலியில் விழுகிற தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான்.

அரசியல்வாதிக்கு வருகிறேன். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் (நீங்கள் இல்லை ஐயா, பயப்படாதீர்கள்) தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. கர்நாடகத்தின் பங்காரப்பா அரசு, முடியாது என்று அவசரச் சட்டமே கொண்டுவந்தது. அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். எங்கேயோ ஒருத்தர் மைக்கில் பேச, இங்கே லயத்துக் கதவு உடைவது எப்படி என்று 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் பார்த்த சனம் நாம். இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா?

நடிகர் சத்யராஜ் தண்ணீர்த் தகராறில் கன்னடர் மனம் நோகப் பேசிய பேச்சுக்கு, ஒன்பது வருஷம் கழித்து 2017இல் வருத்தம் தெரிவித்தார். பாகுபலியின் இரண்டாம் பாகம் கர்நாடகத்தில் ஓடவேண்டுமே! பேசியதாலோ, வருந்தியதாலோ மேட்டூர் அணைக்கு ஒரு சொட்டுக் கூடியதா?

மழை குறைந்தால் பங்கையும் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள் என்று அதே நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பே சொல்கிறது. எந்த மாதம், எவ்வளவு என்பதுதான் இழுபறி. அதைப் பேசத்தான் 2003இலேயே இரண்டு மாநில விவசாயிகளும் ‘காவிரிக் குடும்பம்’ என்று கூடினார்கள், ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். ஐயா, எதிரணித் தம்பியைக் கேளுங்கள்: நெய்வேலிக்குப் போன நடிகர்களில் பத்துப் பேரை மூச்சுவிடாமல் சொல்வார். காவிரிக் குடும்பத்தில் உட்கார்ந்த விவசாயி ஒருவர் பெயரைச் சொல்லட்டும், நான் தோற்றதாக ஒப்புக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.