வாடகை வரும், டியூவுக்கு பத்துமா?

வணக்கம் நேயர்களே. கடலூர்ல பேங்க் லோன் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கையில காசு கம்மியா இருந்தாலும் ஒரு வீட்ட வாங்கி வாடகைக்கு விட்டுட்டா வாடகையிலேயே டியூ ஓடிடும்னு நம்புறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர், அவங்களுக்காகத்தான் பேச வந்தேன்.

போன வருஷம் திருப்பாதிரிப்புலியூர்லேர்ந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. மஞ்சப்பையில மூலப்பத்திர நகல், வில்லங்கம், பட்டா எல்லாம் பத்திரமா மடிச்சு வச்சிருந்தாங்க. செம்மண்டலத்துல வீடு, 25 லட்சம். "கையில 3 லட்சம் இருக்கு சார், மிச்சத்த பேங்க்ல குடுத்துருவாங்கல்ல"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்கும் வீட்டு லோனுக்கு மதிப்புல 90 சதவீதம் வரை குடுக்கலாம், ஆனா அது உச்சவரம்புதான், சம்பளத்த பாத்து வேல்யூயர் போடுற மதிப்ப பாத்து கொறைச்சும் குடுப்பாங்க. சரி, முழுசா 22.5 லட்சம் கெடைச்சதுன்னே வைங்க. கைக்காசு 2.5 லட்சம். பத்திரச் செலவு? முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 2.25 லட்சம், இத லோன்ல சேக்க மாட்டாங்க. 3 லட்சத்தோட வந்தவங்களுக்கு 4.75 லட்சம் வேணும், எழுத்துக்கூலி, பெயின்ட் செலவெல்லாம் தனி.

இதவிட பெரிய பள்ளம் மாசாமாசம் வரும். 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு சுமாரா 900 ரூவா டியூ, 22.5 லட்சத்துக்கு 20,250. அந்த வீட்டுக்கு வாடகை 8,000 சொன்னாங்க. மிச்சம் 12,250 சம்பளத்துலேர்ந்துதான் போகணும், குடித்தனக்காரர் காலி பண்ணிட்டா அந்த மாசம் மொத்தமும் நம்ம தலையில. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ ஓடு, ஷீட்டு எல்லாம் பறந்துச்சே, அந்த ரிப்பேருக்கு யாரு குடுத்தா, வீட்டுக்காரர்தானே.

அந்தம்மாவோட புருஷன் ஒரு வழி சொன்னாரு, வாடகைக்கு விடாம 5 லட்சத்துக்கு போக்கியத்துக்கு விட்டு அந்த காச முன்பணத்துல சேத்துக்கலாம்னு. எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. அது உங்க காசு இல்லீங்க, மூணு வருஷத்துல திருப்பிக் குடுக்க வேண்டிய கடன், அதுவும் வாடகையே வராம. அடமானத்துல இருக்குற வீட்ட பேங்க்குக்கு தெரியாம போக்கியத்துக்கு விட்டா, டியூ 90 நாள் நின்னு கணக்கு வாராக்கடன் ஆகி, கோர்ட்டுக்கு போகாமலே அடமான வீட்ட பேங்க் எடுத்துக்கற சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ் வந்துச்சுன்னா, 5 லட்சம் குடுத்து குடி வந்த குடும்பமும் சேந்து தெருவுல நிக்கும். நான் இத கண்ணால பாத்திருக்கேன், இன்னும் மறக்கல. டவுன் பேமென்ட்டுக்கு பர்சனல் லோன் எடுக்கறதும் அதே மாதிரிதான், ஒரு டியூ மேல இன்னொரு டியூ.

அட்வான்ஸ் குடுக்காதீங்க, ஒரு வருஷம் பொறுங்கன்னு சொன்னேன். பேங்க்ல ஒரு வருஷ ஆர்டி போட்டு அந்த பள்ளத்துக்கான 12,250-ஐ மாசாமாசம் கட்டிப் பாருங்க, ஸ்கூல் ஃபீஸ் மாசத்துலயும் தீபாவளி மாசத்துலயும் தவறாம கட்ட முடியுதான்னு தெரியும், வருஷக் கடைசியில 1.47 லட்சம் வட்டியோட கையில நிக்கும், கைக்காசுல கொறையுற 1.75 லட்சத்துல பெரும்பகுதி அதுலேயே அடைஞ்சிடும்.

போன வாரம் மஞ்சக்குப்பம் மார்க்கெட்ல அந்தம்மாவ பாத்தேன். காய்கறிப் பைக்குள்ளேர்ந்து பாஸ்புக்க எடுத்து காட்டுனாங்க, எட்டு மாசம் வரிசையா என்ட்ரி விழுந்திருக்கு.