வெள்ளை காளவாயில் பிறந்தது, நீலம் சலவைத் தொட்டியில் பிறந்தது

வணக்கம் நண்பர்களே.

கிரேக்கத் தீவு என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் கண்முன் வரும். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள், நடுவே ஒரு நீலக் குவிமாடம், கீழே கடல். அது சாண்டோரினித் தீவின் ஈயா ஊர். அந்தப் படம் கிரேக்கம் முழுவதற்கும் பொருந்தாது. கோர்ஃபு தீவின் நகர வீடுகளில் வெனிஸ்காரர்கள் விட்டுச்சென்ற மஞ்சளும் செந்நிறமும் இருக்கின்றன. சிமி தீவின் துறைமுகம் காவியும் இளமஞ்சளுமாக நிற்கிறது. கியோஸ் தீவின் பிர்கியில் வெள்ளைப் பூச்சைச் சுரண்டி, அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரியும்படி கோலம் போல முக்கோணமும் கட்டமும் போட்டிருக்கிறார்கள். வெள்ளையும் நீலமும் முதன்மையாக ஏஜியன் கடலின் நடுவிலுள்ள சிக்லடிஸ் தீவுக்கூட்டத்துக்கு உரியவை. மிக்கோனோஸ், பாரோஸ், நக்சோஸ், சிஃப்னோஸ், தீனோஸ், சாண்டோரினி எல்லாம் அந்தக் கூட்டத்தில் அடங்கும்.

முதலில் வெள்ளை. அந்த வெள்ளை சுண்ணாம்பு. அதைப் பெயின்ட் என்று நினைத்தால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

பாரோஸ், நக்சோஸ், தீனோஸ் தீவுகளில் பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் மிகுதி. மரம் குறைவு. ஆகவே காளவாய்க்குப் புதர்ச் சுள்ளியைக் கட்டுக்கட்டாக வெட்டிவந்து எரித்தார்கள். சுமார் 900 டிகிரி செல்சியஸில் கல் கரியமில வாயுவை விடுகிறது. 100 கிலோ தூய கல்லிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். எப்போதும் தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதிக்கும் குழம்பு முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீறிய களியைத் தண்ணீர் மூடியபடி குழியில் சில மாதம் விட்டுவைத்தால் வெண்ணெய் போலாகும். பிறகு ஒரு பங்கு களிக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி அடிப்பார்கள்.

சுவரில் ஏறியபின் அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. இதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் விறுவிறுவென்று உலர்ந்தால் கல்லாகாமல் மாவாக நின்றுவிடும், சாய்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளையாகும். எனவே முதல்நாள் மாலையே சுவரை நனைத்து, அடிப்பதற்குச் சற்று முன் மறுபடியும் நனைத்து, நிழல் விழும் பக்கமாக அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது பூச்சு கண்ணாடி போலிருக்கும், பழைய கறை அப்படியே தெரியும். பழகாதவர் பயந்துபோய்க் கெட்டியாக இன்னொரு கை அடிப்பார். கெட்டிப் பூச்சு வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். புதுச் சுவருக்கு நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி. பழைய சுவருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும்.

அங்கே வெள்ளையடிக்கும் காலம் ஈஸ்டருக்கு முந்தைய நாள்கள். ஆகஸ்ட் 15, மாதா திருநாளுக்கு முன் பல ஊர்களில் மறுபடியும் ஒரு கை. நம் வீடுகளில் பொங்கலுக்கு முன் அடித்ததைப் போன்றதுதான். சுண்ணாம்பின் பார்வையில் ஈஸ்டர் காலமே உகந்தது, மிதமான வெயிலும் காற்றில் ஈரமும் இருக்கும். ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று வறட்டி எடுக்கும் என்பதால் விடியற்காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அடித்தார்கள்? நல்ல சுண்ணாம்பு வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். தடித்த கல்சுவரும் சிறிய சன்னலும் சேர்ந்துகொண்டால் கோடைப் பகலிலும் உள்ளே இருக்க முடியும். ஆனால் என் கணிப்பில் வெயிலுக்குச் சமமான காரணம் தண்ணீர். நதியில்லாத தீவுகள் அவை. மொட்டைமாடியில் விழும் மழை நீர்தான் வீட்டடித் தொட்டிக்குப் போகும், அதைத்தான் குடிப்பார்கள். மரக்கட்டை, நாணல், உலர்ந்த கடற்பாசி, அதன்மேல் களிமண் என்று அடுக்கிய கூரை அது. மேலே அடிக்கும் சுண்ணாம்பு மயிரிழை விரிசலை அடைக்கிறது, பாசியையும் கிருமியையும் எரிக்கிறது. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை (pH அளவு) 12க்கு மேல், அதில் கிருமிகள் பிழைப்பது அரிது.

கிருமி என்றதும் ஒரு கதையைச் சொல்வார்கள். 1938இல் மெட்டாக்சாஸின் சர்வாதிகார அரசு காலராவைத் தடுக்க எல்லா வீடுகளுக்கும் வெள்ளையடிக்க உத்தரவிட்டதாம், அதனால்தான் தீவுகள் வெள்ளையாம். உத்தரவு ஒரு வழக்கத்தைப் பரப்பியிருக்கலாம், தொடங்கியிருக்க முடியாது. சுண்ணாம்பு அடிப்பது அதற்கு மிகவும் முந்தியது. தவிர, காலரா தண்ணீர் வழியே வரும் நோய். சுவர் வெள்ளையாவதைவிடத் தொட்டியும் கழிப்பிடமும் சுத்தமாவதுதான் அதை நிறுத்தும்.

இனி நீலம். கிரேக்கத்தில் இதன் பெயர் லுலாகி, துணிக்குப் போடும் நீலப்பொடி. சமஸ்கிருத ‘நீல’ பாரசீகம், அரபு வழியாகப் பயணம் செய்து லுலாகி ஆனது. நாம் ‘நீலம்’ என்பதும் அதே சொல்தான். சுண்ணாம்பு உலர்ந்தால் இலேசாக மஞ்சள் தட்டும். ஒரு சிட்டிகை நீலம் அதைப் போக்கி வெள்ளையைப் பளிச்சென்று காட்டும். நம் ஊரில் வெள்ளையடித்தவர்களுக்கும் இது தெரியும். கூடுதலாகப் போட்டால் சுவரே நீலமாகும்.

எல்லா நீலமும் சுண்ணாம்பில் நிற்காது. பிரஷ்யன் நீலம் காரத்தில் கெட்டுப் பழுப்பாகிவிடும். அல்ட்ராமரின் காரத்தைத் தாங்கும், அமிலத்தில்தான் வெளுக்கும். விலையுயர்ந்த கல்லிலிருந்து எடுத்துவந்த அந்த நிறத்தை 1820களின் கடைசியில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அது சலவைப் பொடியாக மலிந்து, மளிகைக் கடை வரை வந்தது. ஏழை வீட்டுக்கு நீலம் எட்டியது அப்படித்தான். அளவு மட்டும் முக்கியம். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எந்தப் பொடி போனாலும் பிடிப்பு குறைந்து கையோடு வரும்.

கதவும் சன்னலும் வேறு கணக்கு. மரத்துக்கு எண்ணெய்ப் பெயின்ட். படகுக்கு அடித்து மிஞ்சியது கதவுக்கு வரும். அதில் நீலம் மட்டுமல்ல, பச்சை, பழுப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் இருந்தன. மிக்கோனோஸ் சந்துகளில் இன்றும் பார்க்கலாம். ஈயாவின் கப்பல் தலைவர்கள் கட்டிய மாளிகைகள் காவியும் செம்மண் நிறமுமாக இருந்தவை. சாண்டோரினிக் கோயில்களில் பல வெள்ளைக் குவிமாடம் கொண்டவையே.

பிறகு எப்படி நீலம் மட்டும் வென்றது? கிரேக்கக் கொடியின் நிறம் வெள்ளையும் நீலமும். 1967 முதல் 1974 வரை ஆண்ட இராணுவ ஆட்சி நாட்டுப்பற்றின் பேரில் அந்த இரண்டையும் முன்னிறுத்தியது என்பார்கள். அதன்பின் சுற்றுலாப் படங்கள் அந்த வேலையைத் தொடர்ந்தன. 1978ஆம் ஆண்டு அரசாணை பல நூறு ஊர்களை மரபுக் குடியிருப்புகளாக அறிவித்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. காப்பாற்றியது நல்லதுதான். ஆனால் காவிக்கும் பச்சைக்கும் அதே ஊரில் உரிமை உண்டு என்பது மறந்துபோனது எனக்கு வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் பிளாஸ்டிக் பெயின்ட். தொலைவிலிருந்து பார்த்தால் அதே வெள்ளை, ஆண்டுதோறும் அடிக்கவும் வேண்டாம். ஆனால் கல்சுவர் தரையிலிருந்து ஓதத்தையும் கடல் காற்றிலிருந்து உப்பையும் இழுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் தோல் விடாது. உப்பு தோலுக்குப் பின்னால் பூத்து, கொப்புளம் கிளம்பி, காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். மேலேயே இன்னொரு பூச்சு அடித்தால் நோய் உள்ளே தள்ளப்படும், அவ்வளவுதான்.

திருத்த வழி உண்டு. பெயின்ட்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும், திட்டுத் திட்டாக விட்டால் சுண்ணாம்பு அங்கே ஒட்டாது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் பெருக்கி அள்ள வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடியும் உள்ளே போகும். உதிர்ந்த இடத்தைச் சிமென்ட் தொடாமல் சுண்ணாம்புக் காரையாலேயே அடைத்து, சுவரை ஒரு கோடை முழுவதும் வெறுமனே மூச்சுவிட விட வேண்டும். அடுத்த ஈஸ்டருக்கு முன் முதல் பூச்சைத் தண்ணீர் போலக் கரைத்து அடிக்கலாம்.