தூணுக்குப் பின்னால் உள்ள பாத்திகள்

பெரியோர்களே, ஊர்க்காரர்களே, வணக்கம்.

வேதாரண்யம் என்றதும் வெளியூர்க்காரர்கள் 1930 உப்பு சத்தியாகிரகம் என்பார்கள். ராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பிய தொண்டர்கள் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். வழியில் இருந்த சனங்களோ சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். போட்டால்தானே குற்றம்? 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள், ராஜாஜி கைதானார்.

நினைவுத் தூண் நிற்பது நம் அகஸ்தியம்பள்ளியில். பேர் மட்டும் வேதாரண்யம் டவுனுக்கு. போகட்டும், பொறாமையில்லை. போராட்டத்தைத் தாங்கிய வேதரத்தினம் பிள்ளை அந்த ஊர்க்காரர். போலீஸ்காரருக்குச் சவரம் பண்ண மறுத்துச் சிறை போன வைரப்பனும் அங்கேதான்.

என் குறை வேறு. வருஷா வருஷம் ஏப்ரல் 30 அன்று தலைவர்கள் வருகிறார்கள், தூணுக்கு மாலை போடுகிறார்கள், ஒரு பிடி உப்பை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த நாளில் பக்கத்து உப்புப் பாத்தியில் என்ன நடக்கிறது? உப்பு வாருகிற உச்ச சீசன் அது! வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியுமுன்னே இறங்கியிருப்பார்கள். கால் வெடித்திருக்கும், வெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறும், பாத்தியின் வெள்ளை கண்ணைக் கூசும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் விளைந்தது கரைந்துவிடும். பாத்தியை மறுபடி செம்மைப்படுத்தித் தண்ணீர் கட்ட வேண்டும். ஐப்பசி மழை இறங்கினால் வேலையே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கடல் சேற்றைக் கொண்டுவந்து பாத்திகளில் கொட்டியதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் ரயில் நம் ஊரோடு நின்றுவிடுகிறது. அகலப் பாதை போடப் பல வருஷம் காத்திருந்தோம். 2023 ஏப்ரலில்தான் மறுபடி ரயிலைப் பார்த்தோம். ஆள் ஏறி இறங்க வசதிதான். உப்பும் அதில் ஏறட்டும் என்று கேட்பதில் தப்பென்ன? உப்பு விளையும் இடத்துக்குத் தண்டவாளம் வந்திருக்கிறது, மூட்டை இன்னும் லாரிக்காகக் காத்திருக்கிறது.

அடுத்த ஏப்ரல் 30க்கு வரும் தலைவர்களிடம் விழாக்குழு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். பத்து மணிக்கு வராதீர்கள், விடியலில் வாருங்கள். மாலை போடுமுன் வரப்பில் இறங்கி, வாருகிறவர்களிடம் இன்றைய கூலி என்ன, மழைக்காலத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேளுங்கள். பதிலை மேடையில் அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.