ஆற்றங்கரையில் காத்திருத்தல்
(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, பணிச்சுமைக்கிடையிலும் வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து பெருமை சேர்க்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மழைக்கு அஞ்சாமல் வந்திருக்கும் வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த அரங்கில் மின்விசிறி மாட்டித் தந்த வணிகர் சங்கத்தாருக்கும் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே, ஞானம் தேடி வீட்டை விட்டுப் புறப்படும் சித்தார்த்தன் என்னும் அந்தண இளைஞனைப் பற்றி எழுதிய 'சித்தார்த்தா' நாவல், அதன் திரைப்படம், திருலோக சீதாராமின் தமிழாக்கம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்' என்று என் பாட்டி அடிக்கடி சொல்லுவார். இந்த நாவலின் வரலாறே அந்தப் பழமொழிதான். முதற்பகுதியை எழுதி முடித்த ஹெஸ்ஸே, தாம் வாழ்ந்து அறியாத ஞானத்தை எழுத்தில் கொண்டுவர இயலாமல் ஓராண்டுக்கும் மேல் பேனாவை மூடி வைத்திருந்தார். அதன் பின்னரே நூல் நிறைவுற்று 1922இல் வெளிவந்தது. கமலா என்னும் கணிகை, 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்கும்போது, சிந்திக்கவும் காத்திருக்கவும் உண்ணாதிருக்கவும் தெரியும் என்று சித்தார்த்தன் விடை சொல்லுகிறான். காத்திருக்கத் தெரிந்தவன் எழுதிய, காத்திருக்கத் தெரிந்தவனின் கதை அது.

1972இல் அமெரிக்க இயக்குநர் கான்ராட் ரூக்ஸ் அதைப் படமாக்கினார். சசி கபூர் சித்தார்த்தனாகவும் சிமி கரேவால் கமலாவாகவும் நடித்தனர். சுவீடன் நாட்டு இயக்குநர் பெர்க்மனின் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட், நீரின் மீது காலை வெளிச்சம் விழுவதைக் காட்டியிருக்கும் அழகை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது மாணவனாக இருந்தபோது, ஒரு திரைப்படச் சங்கத்தார் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டிய 16 மி.மீ. காட்சியில். சித்தார்த்தன் படகோட்டி வாசுதேவனிடம் வந்து சேர்ந்த கட்டத்தில் மின்சாரம் போய்விட்டது. முக்கால் மணி நேரம் இருட்டு. கூட்டம் கலையத் தொடங்கியபோது, பின்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 'கதை எனக்குத் தெரியும், உட்காருங்கள்' என்று எழுந்து வந்தார். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு, கமலா பாம்பு தீண்டி இறந்ததையும், அவள் விட்டுச்சென்ற மகன் பணத்தையும் படகையும் எடுத்துக்கொண்டு தந்தையை விட்டு ஓடியதையும் சொன்னார்; அத்துடன் நிறுத்திக்கொண்டார். 'அப்புறம் என்ன ஐயா?' என்று பொறுக்கமாட்டாமல் நான்தான் கேட்டேன். 'அப்புறம் தெருப்புழுதியில் உட்கார்ந்து காத்திருந்தான், தம்பி. படித்தபோது நானும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். திறக்க ஆறு நாளாயிற்று' என்றார். யாரும் பேசவில்லை. மின்சாரம் வந்தது, திரையில் அந்தக் கட்டம் எங்களைக் கேளாமலே கடந்து போயிற்று.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். மகனை இழந்த தந்தையைப் பார்த்து ஆறு சிரிக்கிறது. தானும் ஒருநாள் தன் தந்தையை விட்டு வந்து, பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்க, படிப்பவர் தம் தந்தையை நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை அவரவரே அறிவர். படச்சுருளின் வேகத்தை முடிவு செய்வது பொறி; பக்கத்தின் வேகத்தை முடிவு செய்வது படிப்பவர்.

ஆனால் அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது? நம் கிளை நூலகம் மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படுகிறது. கூலி வேலையும் கடை வேலையும் முடிந்து வருபவர் பூட்டைத்தான் பார்க்கிறார். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாம் செலுத்துகிறோம். இரவு ஒன்பது மணிவரை இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று மேடையிலிருக்கும் அலுவலர் அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கை மனு வாயிலருகே இருக்கிறது. ஐயா விடைபெறுவதற்குள் அனைவரும் கையெழுத்திட வேண்டுகிறேன். 'சித்தார்த்தா' பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்டது. நேரம் நீட்டிக்கப்படும் முதல் இரவிலிருந்து, நாளுக்கு ஓர் அத்தியாயமாக இதே அரங்கில் நான் வாசிக்கிறேன்.