ஒரு விரல் இடைவெளி

நேயர்களுக்கு வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கத்தில் சைக்கிள் பழுதுபார்க்கிறவன். தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக் இப்போது நம் கிராமங்களிலும் நிறைய ஓடுகிறது. பையன்கள் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இருபத்தாறு சக்கரத்தைக் கழட்டிட்டு இருபத்தொன்பது போடலாமா?"

முதலில் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் 54-559 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முன்னது டயரின் அகலம். பின்னது, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர். மவுண்டன் பைக்கில் 26 இஞ்ச் என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622. தாத்தா ஓட்டிய 28 இஞ்ச் சைக்கிளின் ரிம் 635, அதாவது 29-ஐ விடப் பெரியது! டயரின் தடிமனையும் சேர்த்து வைத்த பெயர் அந்த 29. அதனால் இஞ்சை நம்பாதீர்கள். 26 என்று போட்டு 590 அளவில் வரும் டயரும் உண்டு. நானே ஒருமுறை எண்ணைப் பார்க்காமல் அதை வாங்கிவந்துவிட்டேன். 559 ரிம்மில் தொளதொளவென்று கிடந்தது.

சரி, சக்கரத்தை மாற்றுவோம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அங்கேயே தடை. 559-லிருந்து 584-க்குப் போனால் ரிம் பன்னிரண்டரை மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போகும். பிரேக் கட்டையை அவ்வளவு தூரம் ஏற்ற முடியாது. சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், அகலம் ஃப்ரேமோடு பொருந்த வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம், இடைவெளி. போன ஐப்பசியில் என் அக்கா மகன் ஒரு பழைய 26 இஞ்ச் டிஸ்க் பிரேக் சைக்கிளோடு வந்தான். 29 சக்கரத்தை வைத்துப் பார்த்தோம். முன்சக்கரத்தைத் தாங்கும், அமுங்கி எழும் ஃபோர்க்கின் குறுக்குப் பாலத்திலேயே டயர் முட்டியது. "மாமா, ஒரு சைஸ் மட்டும் ஏத்திப் பார்ப்போமே" என்றான். 27.5 சக்கரத்தில் கொஞ்சம் ஒல்லியான டயரைப் போட்டு மாட்டினேன். உள்ளே போய்விட்டது. கோட்டம் இல்லாமல் சுற்றியது. ஃபோர்க்கை முழுக்க அமுக்கிப் பார்த்தேன், மேலே இடிக்கவில்லை. இதை யாரும் தவறவிடாதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது டயர் மேலே இடித்தால் முன்சக்கரம் சட்டென்று நின்று ஆளைத் தூக்கி எறியும்.

பையனுக்கு ஒரே சந்தோஷம். மழை விட்ட மறுநாள் பாமணி ஆற்றங்கரையில் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நம் களிமண்தான் உங்களுக்குத் தெரியுமே. டயரில் அப்பி, வைக்கோலையும் சேர்த்துச் சுருட்டி, பின்பக்க ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே கெட்டியாக அடைத்திருந்தது. சக்கரம் அசையவே இல்லை. காய்ந்த கடைத் தரையில் போதும் என்று பட்ட அந்தச் சிறு இடைவெளி கரையில் போதவில்லை. அன்றிலிருந்து, டயரைச் சுற்றி எந்த இடத்திலும் என் சுண்டுவிரல் தாராளமாக நுழையாவிட்டால் நான் மாட்டித் தருவதில்லை.

பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் சுலபமாக ஏறிக் கடக்கும், உண்மைதான். மலைப்பாதையில் அது பெரிய வசதி. நம் டெல்டாவோ தட்டை நிலம். இங்கே சோதனை, ஆடி மாதத்து எதிர்காற்று. அதே அகல டயரோடு 26-லிருந்து 29-க்குப் போனால், அதே கியரில் ஒரு மிதிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தூரம் கூடும். மிதியும் அந்த அளவுக்குக் கனக்கும். பெடல், சீட் எல்லாம் உயர்ந்துவிடுவதால் காலூன்றவும் சிரமம். உடம்பு குலுங்காமல் போக வேண்டுமென்றால், இடம் இருக்கிற அளவுக்கு அகலமான டயரைப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். செலவும் குறைவு.

அக்கா மகன் பழைய 26 சக்கரத்தையே திரும்ப மாட்டிக்கொண்டான், டயர் மட்டும் புதிது. அந்த 27.5 ஜோடி என் கடைச் சுவரில் தொங்குகிறது. விரல் நுழைகிற ஃப்ரேமோடு யாராவது வந்தால் போட்டுக் கொடுப்பேன். வணக்கம்.